பாதி மாத்திரை

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த வாரத்தில் ஷெர்லினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில், சுகப்பிரசவம். எடை சற்றுக் குறைவு, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். அவள் புருஷன் ஜெபகுமார் சேரப்பணஞ்சேரி வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை வழக்கத்தைவிட முன்னதாகவே கட்டிவிட்டு, ஷிப்டுக்கு லீவு சொல்லிக் குழந்தையைப் பார்க்க வந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் அது அழ ஆரம்பித்தது.

அது பசி அழுகை இல்லை. வார்டில் இருந்த மற்றக் குழந்தைகள் அழுதால் நடுவில் எங்காவது ஒரு மூச்சு வாங்கும், யாராவது தூக்கினால் தணியும். இது மெல்லியதாக, உச்சியில், ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போயிற்று. ஜெபகுமார் வல்லம் வடகாலில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பேரிங் போகப்போகிற வண்டி இப்படித்தான் கத்தும் என்று அவனுக்குத் தோன்றியது. குழந்தையின் கைகால்கள் வெடவெடவென்று உதறின. துணியில் இறுக்கிச் சுற்றினால் கொஞ்சம் அடங்கும். மார்பில் வைத்தால் வெறியோடு கவ்வும், இரண்டு உறிஞ்சலில் விட்டுவிட்டுக் கத்தும். தும்மும். கொட்டாவி விடும். அழுதுகொண்டே ஒரு குழந்தை கொட்டாவி விடுவதை ஷெர்லின் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னாமே, மைக்கு செட்டயே முழுங்கிட்டுப் பொறந்துகீதா ஒம் பொண்ணு?" என்றாள் வார்டு ஆயா அன்னக்கிளி. பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். ஷெர்லினும் சிரிக்கப் பார்த்தாள். பொழுது சாயும் நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. குழந்தையைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜெபகுமாரின் அம்மா ராஜாமணிதான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஒப்பந்த வேலை. விடிவதற்குள் இட்லிக் கொப்பரை ஏறவேண்டும், அது இறங்கினால் சாம்பார் அண்டா, அது இறங்கினால் சாதம். சிமெண்டுத் தரையில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். முன்பெல்லாம் நாற்று நட்ட கால்தான் அது. ஆனால் சேறு காலை வாங்கிக்கொள்ளும், சிமெண்டு திருப்பி அடிக்கும் என்பாள். கேன்டீன் பெண்கள் எல்லோரும் ஒரு மாத்திரை போட்டார்கள். கூட்ரோட்டு மருந்துக் கடையில் கால்வலி மாத்திரை என்று கேட்டால் டாக்டர் சீட்டு கேட்காமல் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். முதலில் வலி வந்த நாட்களில் மட்டும் போட்டாள். பிறகு வேலை நாட்களில். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போவதற்கும் அது வேண்டியிருந்தது. மருந்து என்ற எண்ணமே போய்விட்டது. காலையில் வரக்காப்பி, ஒரு பன், மாத்திரை.

ஷெர்லின் வேலை பார்த்தது வயர் ஹார்னஸ் லைனில். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டும் இடம். சாய்ந்த பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். பலகையில் ஒயரைப் படியவைத்து, அதன் முனையைக் கனெக்டருக்குள் க்ளிக் என்று சத்தம் வரும்வரை தள்ளவேண்டும். பிறகு மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும். கையோடு வரக்கூடாது. பிறகு அடுத்த ஒயர். லைனின் கடைசியில் ஒரு சோதனைப் பலகை. முழுக் கட்டையும் அதில் மாட்டினால் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சின்ன விளக்கு எரியும். எது எரியவில்லையோ அந்த ஒயர் விட்டுப்போயிருக்கிறது. உட்கார நாற்காலி கிடையாது.

லைனில் கர்ப்பத்தை மறைப்பது வழக்கம். காண்ட்ராக்ட் பெண்ணுக்கு வயிறு தெரிந்துவிட்டால் சூப்பர்வைசர் திட்டமாட்டார். மிகவும் அன்பாக, வீட்டில் போய் ரெஸ்ட் எடும்மா என்பார். திரும்பி வரும்போது அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அதனால் எல்லோரும் செய்கிறபடி ஷெர்லினும் ஒரு சைஸ் பெரிய நீலக் கோட்டு வாங்கிக்கொண்டாள். குனிந்து மாட்டவேண்டிய கிளிப்புகளைப் பக்கத்தில் நின்ற ஜோதி பார்த்துக்கொண்டாள். ஒனக்கு மட்டும் எப்படிடி கோட்டு மாசாமாசம் சுருங்குது என்று ஜோதி மெதுவாகக் கேட்பாள், இருவரும் முகக்கவசத்துக்குள் சிரிப்பார்கள். வயிற்றை மறைக்கலாம். காலை என்ன செய்வது? நான்காம் மாதமே கணுக்கால் வீங்கி, ஷூவுக்குள் போகமாட்டேன் என்றது. சொன்னால் சிக் ரூமுக்கு அனுப்புவார்கள். சிக் ரூமுக்குப் போனால் தெரிந்துவிடும்.

ஒருநாள் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை ராஜாமணி பார்த்தாள். தன் மாத்திரையைக் கட்டைவிரல் நகத்தால் சரியாக நடுவில் ஒடித்தாள். பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை மருமகள் உள்ளங்கையில் வைத்தாள். முழுசு வேணாம், புள்ளத்தாச்சி நீ, பாதி போதும் என்றாள். அன்று லைனில் ஷெர்லினுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. அடுத்த நாளும் ஒடித்தாள். இரண்டு பெண்களும் ஒரே மாத்திரையைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருத்தி இந்தப் பஸ்ஸிலும் மற்றவள் அந்த ஷேர் ஆட்டோவிலும் ஏறிப்போனார்கள். ராஜாமணிக்குப் பாதி போதவில்லை. சாயங்காலம் இன்னொன்று போட்டாள். காலையில் தனக்குக் குறைந்தால் பரவாயில்லை, மருமகளுக்குக் குறையக்கூடாது என்று நினைத்தாள்.

ஏழாம் மாதம் லைன் லீடர் கண்டுபிடித்து ஷெர்லினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலை நின்ற பிறகும் மாத்திரை நிற்கவில்லை. ஒருநாள் விட்டுப் பார்த்தாள். உடம்பெல்லாம் முறுக்கியது, மூக்கில் நீர் வடிந்தது. நின்று நின்று உள்ளே தங்கிய வலி இப்போது வெளியே வருது என்றாள் ராஜாமணி. அது சரியாகத்தான் பட்டது. பிரசவ வலி எடுத்த காலையிலும் அவள் பாதி போட்டுக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினாள்.

குழந்தையைக் கொண்டுபோன மறுநாள் காலை குழந்தை மருத்துவர் கலைமணி ஷெர்லினைக் கூப்பிட்டுப் பேசினார். ராஜாமணியும் கூடப் போனாள். கிருமியாக இருக்கலாம், வலிப்பின் தொடக்கமாக இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். மாசமாக இருந்தபோது வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாளா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதுவானாலும் சொல்லலாம் என்றார்.

ஷெர்லின் வாய் திறக்குமுன் ராஜாமணி சொன்னாள்: "சத்து மாத்திரதான் டாக்டரம்மா. வேற ஒண்ணும் தொடாது அது. எங்க வூட்ல அந்தப் பயக்கம்லாம் கெடியாது."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் டாக்டர் கேட்ட மாத்திரைகள் வேறு, வீட்டில் காப்பியோடு இறங்குவது வேறு. ஷெர்லினுக்கு மட்டும் ஒரு கணம் ஏதோ இடறியது. ஆனால் அத்தை சொல்லி முடித்த பிறகு, அவள் முகத்துக்கு நேரே, இல்லை என்று எப்படிச் சொல்வது? டாக்டர் ஷெர்லினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெர்லின் தலையை அசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவளுக்கே தெரியாத அசைப்பு.

அதற்குப் பிறகு குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நிற்பதுதான் அவளுக்கு வேலை. உள்ளே விட்டால் கை கழுவிவிட்டுப் போய் இறுக்கிச் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். குழந்தையின் மூக்கும் முழங்கையும் துணியில் உரசிச் சிவந்திருந்தன. எடை இறங்கிக்கொண்டே வந்தது. அங்கே கொண்டுபோன மூன்றாம் நாள் காலை டாக்டர், நாளைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். ஷெர்லின் அதை ஜெபகுமாருக்குப் போனில் சொன்னாள். அவன், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கைவைத்து ஜெபிக்கிற பாஸ்டர் ஒருவர் இருக்கிறார், கிடங்கில் கூட வேலை பார்ப்பவனின் பிள்ளைக்கு அப்படித்தான் சரியானது, ஊசி போடுவதற்கு முன்னால், எங்கள் பொறுப்பில் கொண்டுபோகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிவந்துவிடலாம் என்றான். சாயங்காலம் வண்டியோடு வருவதாகச் சொன்னான். ஊசிக்கு விடுவதா, தூக்கிக்கொண்டு போவதா? இரண்டில் எது குழந்தையைக் காப்பாற்றும் என்று ஷெர்லினுக்குத் தெரியவில்லை.

ராஜாமணியின் மாத்திரை அட்டை முந்தின நாளே தீர்ந்திருந்தது. மகனிடம் ஒரு அட்டை வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மத்தியானம் துணைக்கு வந்தவர்கள் படுக்கும் தகரக் கொட்டகையில் அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஷெர்லின் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். ராஜாமணி வேண்டாம் என்று தள்ளினாள். கொட்டாவி விட்டாள். தாடை இறங்கும் கொட்டாவி, முடிவதற்குள் இன்னொன்று. கண்ணில் நீர் வழிந்தது. அடுக்கடுக்காகத் தும்மினாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டும் கையில் மயிர் குத்திட்டு நின்றது. கால்கள் ஓரிடத்தில் நில்லாமல் உதைத்துக்கொண்டிருந்தன.

"சளி புட்சிகினு கீது" என்றாள். "ஈரம் ஒத்துக்கல."

ஷெர்லின் கஞ்சி டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெபகுமார் நனைந்துகொண்டு வந்தான். ஃபிளாஸ்க்கும் பன்னும் அம்மா கேட்ட அட்டையும் கொண்டுவந்தான். ராஜாமணி முழுசாக ஒன்றைப் போட்டுக்கொண்டாள். ஷெர்லின் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்காரர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் உதைத்துக்கொண்டிருந்த கால் நின்றது. கொட்டாவி நின்றது. அன்னக்கிளி அந்தப் பக்கம் போனபோது ராஜாமணி அவளைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி உப்புமாவில் ரவையைத் தேடவேண்டியிருக்கிறது, என் கேன்டீனாக இருந்தால் தட்டோடு மூஞ்சியில் அடித்திருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஜெபகுமார், கிளம்பலாமா, எழுதிக் கொடுக்கும் இடம் எது என்று கேட்டான். ஷெர்லின் எழுந்து டாக்டர் அறைக்கு நடந்தாள். பிரசவத் தையல் இழுத்தது.

"தெனம் காலு வலிக்கு ஒண்ணு போடுவேன் டாக்டர்" என்றாள். "பாதி. நாலாம் மாசத்துலேர்ந்து."

டாக்டர் கலைமணி பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. என்ன மாத்திரை, யார் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

"நானேதான் வாங்கிக்குவேன்."

அட்டை வேண்டும் என்றார் டாக்டர். ஷெர்லின் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. திரும்பவும் கொட்டகைக்கு வந்தாள்.

"அத்த, அந்த அட்டயக் குடுங்க."

"ஏன், காலு நோவுதா ஒனக்கு?" ராஜாமணி இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்தாள். "ஆஸ்பத்திரில குடுக்கறாங்களேன்னுதான் ஒன்ன கேக்கல. மொதல்லயே சொல்லக் கூடாதா? இந்தா." ஒன்றைப் பிதுக்கி, கட்டைவிரல் நகத்தை நடுவில் வைத்து ஒடித்தாள். பாதியை நீட்டினாள்.

ஷெர்லின் அதை வாங்கிக்கொண்டாள். அட்டையையும் வாங்கிக்கொண்டாள். "டாக்டர் கேக்கறாங்க அத்த" என்றாள். "பாப்பாவும் ஒங்கள மாதிரிதான் கொட்டாவி வுடுது."

ராஜாமணி அவளைப் பார்த்தாள். தன் கையில் மிச்சமிருந்த பாதியைப் பார்த்தாள். பிறகு தூணைப் பிடித்து எழுந்து அவளும் கூட வந்தாள். என்ன ஏது என்று தெரியாமல் ஜெபகுமார் பின்னால் வந்தான்.

டாக்டர் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். டிரமடால் என்றார். இது சாதாரண வலி மாத்திரை இல்லை, அபினுக்கு உறவுமுறை என்றார். வயிற்றில் இருந்தவரை குழந்தைக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது, பிறந்த அன்றோடு நின்றுவிட்டது, நின்றதைத்தான் உடம்பு கேட்டு அழுகிறது என்று விளக்கினார். ரத்தத்தில் கிருமி வளரவும் இல்லை, அதனால் முதுகு ஊசி இப்போதைக்கு வேண்டாம். புற்றுநோய் வார்டு அலமாரியில் மார்ஃபின் இருக்கிறது, அதைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, குழந்தை அடங்கியதும் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தவேண்டும்.

ஜெபகுமாருக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. அவன் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"எது கெடுத்திச்சோ அதையே திரும்ப ஊத்துவீங்களா டாக்டர்?"

"ஒரேடியா நிறுத்தினா வலிப்பு வரலாம். பால் குடிக்காம எடை போயிடும். அதுவும் மூளையத்தான் பாதிக்கும். கொடுக்கிறதுலயும் பயம் இருக்கு, கொடுக்காம விடறதுல அதைவிட அதிகமா இருக்கு."

"மூளையா?" என்றாள் ஷெர்லின்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். வளர்கிற மூளையில் தேவைக்கு மேல் செல்கள் உண்டாகும், வேண்டாதவை தாமாகவே செத்துப்போகும், அது எல்லாக் குழந்தைக்கும் நடப்பதுதான். இந்த வகை மருந்தைக் கொடுத்த எலிக்குட்டிகளின் மூளையை ஆராய்ந்தபோது, சாகக்கூடாத செல்களும் சில இடங்களில் செத்திருந்தன. மனிதக் குழந்தைக்கு அப்படி ஆகிறதா, ஆகிறதென்றால் எவ்வளவு என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. நிறையக் குழந்தைகள் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள். சிலருக்குப் பேச்சு தாமதமாகும், சிலருக்குக் கவனம் நிற்காது.

"செத்துப் பூட்டது திரும்ப வராதா டாக்டர்?" என்றாள் ஷெர்லின்.

"அந்த செல் வராது. இருக்கிறது அதோட வேலையையும் எடுத்துச் செய்யும். குழந்தை மூளைக்கு அந்த சக்தி இருக்கு."

ஷெர்லின் யோசித்தாள். "எங்க லைன்ல கட்டு முடிஞ்சதும் ஒரு போர்டுல மாட்டுவாங்க. எது வுட்டுப் போச்சோ அங்க லைட்டு எரியாது. அந்த மாதிரி எதுல வச்சியாவது பாக்க முடியாதா?"

"ஸ்கேன்ல அவ்வளவு சின்னது தெரியாதும்மா. அவ வளர வளரத்தான் தெரியும். தலை நிக்குதா, சிரிக்கிறாளா, கூப்பிட்டா திரும்பறாளான்னு."

அதுவரை சுவரோரம் நின்ற ராஜாமணி முன்னால் வந்து, மேசைமேல் தன் பாதி மாத்திரையை வைத்தாள். வைக்கும்போது அது சின்னதாக ஒரு சத்தம் செய்தது.

"அது வாங்கல டாக்டரம்மா. பொய் சொல்லுது. நான்தான் ஒட்ச்சிக் குடுத்தேன். தெனமும் என் கையாலதான். இனிமே நானும் தொடமாட்டேன்."

நீங்களும் ஒரேடியாக நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். மத்தியானம் அத்தைக்கு வந்த கொட்டாவியையும் உதைப்பையும் ஷெர்லின் சொன்னாள். பட்டது போதாதா என்று கேட்டார் டாக்டர். பெரியவர்களுக்கான டாக்டரிடம் அனுப்புகிறேன், முழுசு முக்காலாகும், முக்கால் பாதியாகும், மெதுவாகத்தான் வரவேண்டும் என்றார். ஷெர்லினிடமும் உடம்பைப் பற்றிக் கேட்டார். வியர்வையும் உடம்பு முறுக்கலும் பிரசவத்தால் வந்தது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பேச்சை ஜெபகுமார் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

முதல் சொட்டு விழுந்த பிறகு குழந்தை தூங்கியது. ஷெர்லின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். நிம்மதி வரவேண்டிய இடத்தில் நிம்மதி வரவில்லை. அத்தைக்கு எவ்வளவு சீக்கிரம் அடங்கியதோ அவ்வளவு சீக்கிரம் அடங்கியதைத்தான் பார்த்தாள்.

கிறிஸ்மஸ் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. வாசல் நட்சத்திரத்தில் ஜெபகுமார் விளக்கு ஏற்றவில்லை, அதைக் கழற்றவும் இல்லை. மழையில் ஒரு கால் கிழிந்து தொங்கியது. அம்மாவோடு அவன் பேசுவதில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், அவ்வளவுதான். ராஜாமணியும் வலியப் போய்ப் பேசவில்லை. கேன்டீனில் தன்னை அடுப்பிலிருந்து காய் நறுக்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அங்கே உட்காரலாம். கூட வேலை பார்த்த பெண்களிடம் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். ஒருத்தி, மாத்திர இல்லாம அடுப்பாண்ட நின்னு பாத்துட்டு அப்பறம் சொல்லு என்றாள்.

பொங்கல் கழிந்து குழந்தைக்குச் சொட்டு நின்றது. ராஜாமணி தினம் கால் பங்கு மாத்திரை வரை குறைத்திருந்தாள். நகத்தால் கால் பங்கு ஒடிப்பது கடினம், தூளாகிவிடும். அவள் கத்தியை வைத்து ஒடித்தாள். மிச்சத்தை மருமகள் கையில் கொடுத்து வைக்கச் சொல்வாள். ஷெர்லின் அதை மேல்தட்டில் வைத்துப் பூட்டுவாள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்கள் பிறந்தபோது கால் பங்கும் நின்றது. ராஜாமணி கொஞ்சம் நொண்டினாள்.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் கலைமணி ஒரு சிவப்புப் பந்தைக் குழந்தையின் முகத்துக்கு மேல் நகர்த்தினார். கண்கள் பாதி தூரம் கூடவே போய் நின்றுவிட்டன. மறுபடி நகர்த்தினார். இம்முறை இன்னும் சற்றுத் தூரம் போயின. இப்போதைக்குப் பரவாயில்லை, ஆறு மாதத்தில் பார்ப்போம், ஒரு வயதில் பார்ப்போம் என்றார். ஷெர்லின் வீட்டில் எரியாத விளக்கைத் தேடிக்கொண்டே இருந்தாள். கை தட்டுவாள். ஜன்னலைத் திறந்து மூடுவாள். கம்பெனி பஸ் ஹாரன் கேட்டுக் குழந்தை திடுக்கிட்டால் அன்று முழுவதும் அவள் நன்றாக இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெபகுமார் ஓவர்டைமுக்குப் போயிருந்தான். ராஜாமணி முட்டி மேல் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பால் குடித்து முடித்த குழந்தை ஷெர்லின் மடியில் கிடந்தது. வாயை மெல்லத் திறந்தது. கொட்டாவி.

ராஜாமணியின் கை நின்றது. ஷெர்லினும் அசையவில்லை. இரண்டு பேரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். தும்மலுக்கு, கை உதறலுக்கு. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. குழந்தையின் இமைகள் கீழே இறங்கின, ஏறின, இறங்கி நின்றன.

"தூக்கந்தான்" என்றாள் ராஜாமணி.

ஷெர்லின் தலையை அசைத்தாள். தன் சுட்டுவிரலைக் குழந்தையின் உள்ளங்கைக்குள் விட்டாள். தூக்கத்திலேயே அது பிடித்துக்கொண்டது. சற்றுப் பொறுத்து, லைனில் ஒயரை இழுப்பதுபோல் மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கையோடு வரவில்லை.